மாதத்தில் பதினெட்டு நாள் வீட்டில்

கபிலன் குளிக்கும்போது தண்ணீரைத் தொடர்ந்து திறந்துவைக்க மாட்டான். உடம்பு நனைந்ததும் குழாயை மூடுவான். காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்பான். பிறகு சோப்பு, பிறகு கொஞ்சம் தண்ணீர், மறுபடியும் மூடிவிடுவான். முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில், மடித்த துவாலையின் மேல், கைப்பேசி மல்லாந்து கிடக்கும். விடுமுறையில் லங்காவிக்குப் போயிருந்தபோதுகூட, ஓட்டல் குளியலறையில் தண்ணீர் விட்டு விட்டு விழும் சத்தம் கேட்டு மனைவி ரஜிதா கதவைத் தட்டினாள். "இங்க உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒழுங்கா குளிச்சிட்டு வாங்க." அவள் சொன்ன பிறகுதான், தான் அப்படிக் குளிப்பதே அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தன் உடம்பின் மேலேயே ஓர் அருவருப்பு வந்தது. சங்கிலியை அவிழ்த்துவிட்ட பிறகும் வாசலைத் தாண்டாத நாயைப் போல் ஆகிவிட்டிருந்தது அது.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். அப்பா விஸ்வலிங்கம் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கபிலன், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானங்களை ஓட்டும் ஒரு கம்பெனியில் கேப்டன். உறவுக்காரர்கள் கண்ணில் கேப்டன் என்றால் தோளில் நாலு தங்கப் பட்டை, கையில் சக்கரம் வைத்த பெட்டி, வீட்டில் வெளிநாட்டுச் சாக்லேட். கபிலனின் விமானம் கோத்தா பாருவைத் தாண்டி எங்கும் போனதில்லை. மாதத்தில் பத்து நாள் அவன் பறப்பதும் இல்லை. ‘ரிசர்வ்’ என்ற பெயரில் வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

ரிசர்வ் என்பது இதுதான். யாராவது ஒரு விமானிக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒரு விமானம் தாமதமாகி அதை ஓட்டுபவரின் பணி நேரம் தீர்ந்துவிட்டாலோ, பதிலுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை கைப்பேசியோடு காத்திருக்க வேண்டும். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுத்ததிலிருந்து அறுபது நிமிடத்துக்குள் சீருடையில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஆகவே அன்று தீவை விட்டுப் பாலத்தைத் தாண்ட முடியாது. ஃபெரி ஏற முடியாது. சினிமாவுக்குள் நுழைய முடியாது. பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரைக்குப் போனாலும் இடுப்பளவு தண்ணீரில்கூட நிற்க முடியாது. சட்டையைக் கழற்றினால் கைப்பேசியை எங்கே வைப்பது? கூப்பிடாத நாட்கள்தான் அதிகம். ஆனால் கூப்பிடாத நாளும் கூப்பிட்ட நாளைப் போலவே கழியும். மாலை ஆறு மணிக்கு அவன் மூட்டை இறக்கியவனைப் போல் களைத்திருப்பான். காலையிலிருந்து செய்ததோ நாற்காலி மாறி உட்கார்ந்தது மட்டும்தான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஓய்வு நாட்களை அவர்கள் நகர்த்துவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. மாதத்துக்கு எட்டு நாள் ஓய்வு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் தகவல் கொடுத்தால் ஓய்வு நாளை ரிசர்வ் நாளாக மாற்றி, ஓய்வை வேறு தேதிக்குத் தள்ளிவிடலாம் என்று அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தகவல் ஐந்தே முக்காலுக்கு முன்னால் வந்து அவன் பார்த்ததில்லை. பிறந்தநாள் கேக்கை வெட்டப்போகும்போது வரும். கோயிலில் அர்ச்சனைத் தட்டு கையில் இருக்கும்போது வரும். கபிலன் இவற்றையெல்லாம் ஒரு நீல நோட்டில் தேதியோடும் நிமிடத்தோடும் எழுதி வைத்தான். போன வருடம் தொண்ணூற்றாறு ஓய்வு நாட்கள். அவற்றில் முப்பத்தொன்று நகர்ந்திருந்தன.

அந்த நோட்டால்தான் அவன் விமானிகள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். தலைவர் கேப்டன் ஷஃபீக், அவனைவிடப் பத்து வயது மூத்தவர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. புது ஒப்பந்தம் பேசும் காலம் வந்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் வாய்தான் இருக்கிறது, இவனிடம்தான் நோட்டு இருக்கிறது என்று சொல்லி இழுத்துப் போட்டார். கபிலன் சட்டம் படித்தவன் இல்லை. ரிசர்வ் நாட்களில் வேறு எதுவும் செய்ய முடியாததால், விமானத் துறை விதிகளையும் பழைய ஒப்பந்தங்களையும் வரி வரியாகப் படித்துத் தானே கற்றுக்கொண்டவன். ஒரு காற்புள்ளி எங்கே நிற்கிறது என்பதற்காக இரண்டு நாள் யோசிப்பான். கடைசியில் அவன் வரைந்த கோரிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. கொடுத்த ஓய்வு நாளை விமானியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நகர்த்தக் கூடாது. ரிசர்வ் மாதத்துக்கு ஆறு நாளைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து செய்தாலும் ரிசர்வ் வேலைதான், ஓய்வு அல்ல.

கம்பெனி தரப்பில் எதிரே உட்கார்ந்தவன் கோகுலன், எந்த விமானிக்கு எந்த நாளில் வேலை என்று ரோஸ்டர் போடும் பிரிவின் மேலாளர். ஜார்ஜ் டவுனில் ஐந்து வருடம் கபிலனோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பை நிறையக் கறி பஃப் வாங்கி வருவான். எல்லோரையும் பசியாறச் சொல்லி உபசரித்துவிட்டு, முதல் இரண்டு கோரிக்கைகளையும் பேசலாம் என்பான். மூன்றாவதை மட்டும் தொட மாட்டான். ரிசர்வ் நாளை ஓய்வு என்று கணக்குக் காட்டித்தான் கம்பெனி எண்பது விமானிகள் செய்ய வேண்டிய வேலையை எழுபது பேரை வைத்து ஓட்டுகிறது என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கபிலன் வீட்டில் இன்னொரு காத்திருப்பும் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, சமூக நல இலாகா மூலமாகத் துளசியை வளர்க்க எடுத்திருந்தார்கள். வந்தபோது பத்து மாதக் குழந்தை. இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. சட்டப்படி தங்கள் மகளாக்க நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார்கள். விசாரணை அன்று கணவன், மனைவி இருவரும் நேரில் நிற்க வேண்டும். பிப்ரவரி விசாரணைக்காகக் கபிலன் ஓய்வு நாள் வாங்கியிருந்தான். முதல் நாள் ஐந்து ஐம்பதுக்கு அது நகர்ந்தது. அன்று காலை அவனைக் கூப்பிடவும் செய்தார்கள். ரஜிதா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். மகள் வேண்டும் என்று கேட்கும் அப்பாவுக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்க முடியவில்லையா என்று நீதிபதி கேட்டாராம். கேட்டுவிட்டு ஐந்து மாதம் தள்ளிப் போட்டார். ஜூலை பதினான்கு.

துளசி அந்த வீட்டில் ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். ரிசர்வ் நாட்களில், கபிலன் சீருடையோடு காலில் போடும் கறுப்புச் சப்பாத்து ஜோடி வாசலில் தயாராக இருக்கும். கம்பெனி அழைப்புக்கென்று அவன் ஒரு தனி மணி வைத்திருந்தான், பழைய தொலைபேசி அடிப்பது போன்ற ஒன்று. அது அடித்ததும் துளசி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஒரு சப்பாத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து அவன் காலடியில் வைப்பாள். திரும்பி ஓடி மற்றதையும் கொண்டு வருவாள். முதல் தடவை பார்த்தபோது கபிலன் விழுந்து விழுந்து சிரித்தான். கைப்பேசியில் படம்பிடித்து விமானிகள் குழுவுக்கு அனுப்பினான். எழுபது பேரில் பாதிப் பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

மே மாதம் இலாகா அதிகாரி நூருல் ஹுதா வீட்டுக்கு வந்தார். நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டியவர் அவர். வேகமாகப் பேசும் தமிழ் முஸ்லிம் பெண்மணி. கொடுத்த தேநீரைக் கடைசிவரை தொடவில்லை. அப்பா மாதத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். பிப்ரவரியில் நடந்ததற்குப் பிறகு நீதிபதி அதைத்தான் முதலில் பார்ப்பார் என்றும் சொன்னார்.

ஒரு நாள் விடுப்புக்கு எழுதிப் போட்டால் பதில் சொல்ல இரண்டு வாரம் எடுக்கும் கோகுலன், இந்தக் கடிதத்தை மறுநாளே அனுப்பினான். அந்த அவசரத்தைப் பார்த்ததுமே கபிலன் அதை நின்ற இடத்திலேயே பிரித்தான். துளசி என்னும் குழந்தையைத் தத்தெடுக்கும் மனுவின் பொருட்டு எழுதப்படுவதாகக் கடிதம் தொடங்கியது. கேப்டன் கபிலன் சராசரியாக மாதத்தில் பதினெட்டு நாள் தமது சொந்த வீட்டில் இருக்கிறார் என்றது. கீழே கோகுலனின் கையெழுத்து. எட்டு ஓய்வு நாளும் பத்து ரிசர்வ் நாளும் சேர்ந்தால் பதினெட்டு. கபிலனுக்கு விரல் விட்டு எண்ண வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

அன்று மாலை அவன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, இதைக் கொடுக்க முடியாது என்றான். ரிசர்வ் ஓய்வு அல்ல என்று ஒரு பக்கம் மேசையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் நீதிபதியிடம் அதை வீட்டில் இருக்கும் நாள் என்று எப்படிக் கொடுப்பது என்றான். ரஜிதா பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"இதுல பொய் எங்க இருக்கு? ரிசர்வ் அன்னிக்கு நீங்க வீட்லதான இருக்கீங்க?"

"இருக்கேன்."

"அப்புறம்?"

அவனிடம் பதில் இருந்தது. ஒரு பக்கத்துக்கு வரைந்தே வைத்திருந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை. சுங்கை பாக்காப்பில் தோட்டக் கிராணியார் குடும்பத்தில் பிறந்தவள் அவள். தாய் யோகம்மா இன்னமும் அங்கேதான் இருந்தார். பேத்தி சட்டப்படி பேத்தியாகும் வரை ஒரு பொட்டுத் தங்கம்கூட வாங்கிப் போட மாட்டேன், பிறகு பறித்துக்கொண்டு போனால் தாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பன்னிரண்டு வருடம் என்பது ரஜிதாவுக்குக் காற்புள்ளி பார்க்கும் விஷயம் அல்ல. கபிலன் மறுநாள் கடிதத்தைக் கொண்டுபோய் இலாகாவில் கொடுத்தான். வெளியே நிறுத்தியிருந்த தன் காடிக்கு வந்து, அதில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கொடுத்த கையைக் கழுவினான். ஏன் கழுவினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் மறுபடி கூட்டம். சங்கத்தின் சார்பில் ஆறு பேர், கம்பெனி சார்பில் ஐந்து பேர். கறி பஃப் வந்தது. முதல் கோரிக்கையைக் கம்பெனி ஏற்றுக்கொள்வதாகக் கோகுலன் அறிவித்தான்: இனி ஓய்வு நாளைச் சம்மதமில்லாமல் நகர்த்துவதில்லை, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து. சங்கத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். பிறகு மூன்றாவதுக்கு வந்தான். கோப்பிலிருந்து தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகத் தள்ளினான்.

கபிலன் முன்னால் வந்த தாளில் கோகுலனின் விரல் பட்ட இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. அந்த எண்ணெய்க்குள் துளசியின் பெயர் கண்ணாடி போலத் தெரிந்தது.

கோகுலன் குரலை உயர்த்தவே இல்லை. சங்கத்தின் செயலாளரே நீதிமன்றத்துக்குக் கொடுத்த கடிதம் இது என்றான். ரிசர்வ் நாளைத் தான் வீட்டில் பிள்ளையோடு இருக்கும் நாள் என்று அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அப்படியிருக்க, மற்றவர்களுக்கு அது ஓய்வு இல்லை என்று அவரே எப்படிக் கேட்கலாம்? பதினொரு பேரும் தாளைப் படித்தார்கள். ஒருவர் படித்துக்கொண்டே மென்றார். பிறகு கோகுலன் கபிலன் பக்கம் சாய்ந்து, பழைய கூட்டாளியிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"மூனாவத விட்டுருடா. ஒனக்கு என்னா சூசா, என்னா கஷ்டம் இதுல? பதினாலாந்தேதி ஆஃப் போட்டுக் குடுத்திருக்கேன் இல்ல. நல்லபடியா போயி பிள்ளைய எடுத்துக்கோ."

கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. போட்டுக் கொடுத்தவன் எடுக்கவும் செய்வான். கபிலனுக்குக் கோகுலன்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்தது அதிகம். இந்தத் தாளை இவன் கையில் கொடுத்தது வேறு யாரும் இல்லை. கடிதம் பொய் என்று இங்கே சொன்னால், பொய்க் கடிதத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தவன் ஆகிவிடுவான், துளசி போய்விடலாம். உண்மை என்று சொன்னால் எழுபது பேரின் கோரிக்கை போய்விடும். ஷஃபீக் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கபிலன் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு வெளியே போனான். நடைபாதையில் நின்று நூருல் ஹுதாவுக்குப் போன் அடித்தான். சுற்றி வளைக்கவில்லை. பதினெட்டு நாளில் பத்து நாள் ரிசர்வ், அன்று கூப்பிட்ட மாத்திரத்தில் போக வேண்டும், மீதி எட்டிலும் இரண்டு மூன்று நகர்ந்துவிடும், தெரிந்தேதான் கடிதத்தைக் கொடுத்தேன் என்றான்.

"அந்தக் கடுதாசிய நம்பி நான் ரிப்போர்ட் எழுதுவேன்னு நெனச்சீங்களா கேப்டன்? உங்க வீட்டுக்கு மூனு தடவ வந்துட்டேன். எனக்கு கண்ணு இல்லியா?" என்றார் நூருல் ஹுதா. குரலில் இரக்கம் எதுவும் இல்லை. "நீங்க இப்ப சொன்னதையும் சேத்து எழுதுவேன். ஜட்ஜு என்னா சொல்வாருன்னு நான் சொல்ல முடியாது."

கபிலன் உள்ளே வந்து உட்காரவில்லை. கடிதம் பொய்யான கணக்கு என்று இப்போதுதான் இலாகாவுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். அதைக் கொடுத்தது என் தப்பு, அதற்கு நீதிபதியிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்று தாளின் அடியில் இருக்கிறது, அவரும் பதில் தயார் செய்துகொள்ளட்டும் என்றான். பிறகு மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் கிடந்த தாளை எடுத்தான். பதினொன்றும் வந்த பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்பினான். கோகுலன் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது கோரிக்கை அடுத்த சுற்றுப் பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அது அன்று சாகவில்லை என்பதுதான் சங்கத்துக்குக் கிடைத்த வெற்றி.

ஜூலை பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கைப்பேசியில் தகவல் வந்தது. பதினான்காம் தேதி ஓய்வு, ரிசர்வாக மாற்றப்பட்டிருந்தது. புது விதி ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. ஆகவே எல்லாம் முறைப்படிதான். வேறொரு விமானியோடு மாற்றிக்கொள்ள இருபத்துநாலு மணி நேரம் முன்னால் கேட்க வேண்டும், அதற்கும் வழியில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒரு பொய்யே போதும் போதும் என்றாகியிருந்தது அவனுக்கு. ரஜிதாவிடம் தகவலைக் காட்டினான். அவள் அதைப் படித்துவிட்டு, "சீ" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கு மேல் அதற்குத் தகுதி இல்லை என்பதுபோல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கபிலன் முழுச் சீருடையில் நீதிமன்றத்துக்குப் போனான். லைட் தெருவிலிருந்து விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம்; விதிக்குள் அடங்கும். பெட்டி காடியில் இருந்தது. கைப்பேசிதான் சிக்கல். நீதிபதியின் அறைக்குள் கொண்டுபோக முடியாது. அழைப்பை எடுக்காவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. அங்கே நடைபாதை பெஞ்சில் ஷஃபீக் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்று ஓய்வு நாள். அவரும் சீருடையில் இருந்தார்.

"போன இங்க குடு. நீ உள்ள போ," என்றார்.

"கூப்பிட்டா அண்ணே?"

"கூப்பிட்டா நான் போறேன். அவனுங்களுக்கு ஒரு கேப்டன் வேணும், அவ்வளோதான. மூஞ்ச பாத்தா எடுக்கப் போறானுங்க?"

அறை சின்னது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். துளசி ரஜிதாவின் மடியில் இருந்தாள். நூருல் ஹுதா தம் அறிக்கையை மலாயில் படித்தார். கம்பெனியின் கடிதம் சரியல்ல என்று மனுதாரரே வந்து சொன்னதைப் படித்தார். அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள் எத்தனை என்று தம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். அப்பாவின் தொலைபேசி அடித்தால் குழந்தை அவருடைய சப்பாத்தை எடுத்து வருகிறாள், இதை இரண்டு தடவை தாமே பார்த்ததாகப் படித்தார்.

கபிலனுக்கு அதைக் கேட்டு முகம் சூடானது. தான் சிரித்தது, படம்பிடித்தது, குழுவுக்கு அனுப்பியது எல்லாம் அந்த அறையில் பிரித்து வைத்ததுபோல் இருந்தது. நீதிபதி அவனைப் பார்த்து, இப்போதாவது எத்தனை நாள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அவன் நீல நோட்டை எடுத்தான். இந்த வருடம் இதுவரை ஐம்பத்திரண்டு ஓய்வு நாட்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள், பதினேழு நகர்ந்தன, இன்றைய தேதியும் அதில் ஒன்று என்றான். அவர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவுக்கு வெளியே அது அடித்தது. பழைய தொலைபேசி மணி. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது அடிப்பதற்குள் ஷஃபீக்கின் குரல் கேட்டது.

துளசி ஏற்கெனவே மடியிலிருந்து இறங்கியிருந்தாள். கதவோரம் போய்ப் பார்த்தாள். சுவரோரம் பார்த்தாள். எங்கும் சப்பாத்து இல்லை. திரும்பி வந்து தேடியவள், அவை அவன் காலிலேயே இருப்பதைக் கண்டாள். ஒரு நிமிடம் அவளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பிறகு அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டியிருந்த கயிற்றையே இரண்டு கையாலும் பிடித்து இறுக்கத் தொடங்கினாள். அழவில்லை. பார்க்கச் சகிக்காத பொறுப்போடு, வேலை தெரிந்த ஒரு வேலைக்காரியைப் போல அவள் அதைச் செய்தாள்.

ரஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கபிலன் குனிந்து குழந்தையின் விரல்களைக் கயிற்றிலிருந்து பிரித்தான். "போகல கண்ணு," என்றான். அவள் நம்பாமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

நீதிபதி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அப்பா வீட்டில் இல்லாத நாட்களுக்கு அப்பா காரணம் அல்ல என்பது எனக்குத் தெரிகிறது என்று சொல்லி, உத்தரவில் கையெழுத்துப் போட்டார். துளசி, கபிலனுக்கும் ரஜிதாவுக்கும் சட்டப்படி மகளானாள். வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. ஷஃபீக் கைப்பேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் தம் ஓய்வு நாளில் கோத்தா பாருவுக்குப் பறக்கப் போயிருந்தார்.

அன்று மாலை தரையிறங்கியதும் அவரே கூப்பிட்டார். குரலில் களைப்பும் உற்சாகமும் கலந்திருந்தன. நூருல் ஹுதாவின் அறிக்கையில் சப்பாத்து பற்றி இருக்கும் பத்தியை அவர் கோத்தா பாருவில் இருந்தபோதே ரஜிதா போனில் அவருக்குச் சொல்லியிருந்தாள். அந்தப் பத்திக்கு ஒரு நகல் எடு, அடுத்த கூட்டத்தில் மேசைமேல் போடுவோம் என்றார் ஷஃபீக். மூன்றாவது கோரிக்கைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கோகுலனால் வாயே திறக்க முடியாது.

கபிலனுக்கும் அது தெரியும். காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பத்தி போதும். கோகுலன் செய்ததையே தானும் செய்தால் போதும்.

"வேணாம்ணே," என்றான். "அந்தக் கறி பஃப் எண்ணெயில அவ பேரு ஒரு தடவ கெடந்தது போதும்."

"அப்ப மூனாவது?"

"நோட்டு இருக்கு. அத வச்சே பேசுவோம்."

"பாப்போம்," என்றார் ஷஃபீக். அவர் ஒத்துக்கொண்டாரா, சலித்துக்கொண்டாரா என்று கபிலனுக்குத் தெரியவில்லை. நோட்டை வைத்துப் பேசினால் இன்னும் ஒரு வருடம் இழுக்கும் என்பது இருவருக்கும் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வைத்தான். குழுவுக்கு அனுப்பியிருந்த பழைய படத்தைத் தேடி அழிக்கப் பார்த்தான். நாளாகிவிட்டதால் தன் கைப்பேசியிலிருந்து மட்டும்தான் அழிந்தது. மற்ற விமானிகளின் கைப்பேசிகளில் துளசி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருப்பாள். கம்பெனி அழைப்பின் மணியை மாற்றி, சாதாரண மணி ஒன்றை வைத்தான். வைத்த பிறகுதான், இதையும் அவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவாள் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஆறிலிருந்து மறுபடி ரிசர்வ். இன்று இரவு சமையலறையில் ரஜிதா தாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். யோகம்மா பேத்திக்குத் தங்கத்தில் என்ன வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கபிலன் சீருடையைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சப்பாத்தைத் துடைத்தான். துளசி பார்த்துக்கொண்டிருக்க, அதை வரவேற்பறைப் பீரோவுக்கு மேலே, அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பார்த்தான். அறுபது நிமிடத்தில் அங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடலாம். முடியாதது ஒன்றும் இல்லை. அங்கேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

தண்ணீரைத் திறந்தான். உடம்பு நனைந்ததும் கை தானாகக் குழாயை மூடியது. அந்த அமைதியில், வரவேற்பறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. துவாலையைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். துளசி தன் சின்ன நாற்காலியைப் பீரோவை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தாள்.